கம்பைக் கையில் கொடுக்குமுன்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றப்பெற்ற உரை)



சென்ற செயற்குழுவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது. நம் மாலைப் படிப்பகங்களில் பயிலும் பிள்ளைகளுக்கு ஆறு வயது முதலே சிலம்பமும் கராத்தேயும் கற்பிக்க வேண்டும் என்பது அத்தீர்மானம். பெற்றோரைக் கேட்க வேண்டாவா என்று உறுப்பினர் ஒருவர் வினவினார். கணக்குப் பாடம் நடத்தப் பெற்றோரைக் கேட்கிறோமா, இதற்கு மட்டும் ஏன் கேட்பது என்று மற்றொருவர் மறுமொழி கூறினார். விவாதம் நீண்டு இரவு பத்து மணி ஆகிவிட்டபடியால், தீர்மானத்தை ஒத்திவைத்து, இவ்வரங்கில் இதுபற்றிப் பேசும் பொறுப்பை நம்மிடம் ஒப்படைத்தார்கள். முப்பதாண்டுகளுக்கு மேலாகக் கரிசல் காட்டுப் பள்ளிகளில் பணியாற்றி வருபவன் என்பதைத் தவிர, இதைப் பேசுதற்கு வேறு தகுதி நமக்கு உண்டென்று சொல்லிக்கொள்ள மாட்டோம். கம்பு சுற்றுவதில் நமக்குள்ள பயிற்சி ஒரு கோடை விடுமுறை அளவினதே. பன்னிரண்டாம் வயதில் களத்துமேட்டில் சிலம்ப வாத்தியார் ஒருவரிடம் சலாவரிசையும் சில அடிகளும் கற்றோம். ஒரு நாள் மாலை நம் தந்தையார் அங்கு வந்தார். ஒன்றும் பேசவில்லை. கையிலிருந்த கம்பை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அன்றிரவு அது அடுப்பில் எரிந்தது. அவர் அப்போது ஒரு சம்சாரி வீட்டில் பண்ணையாளாக இருந்தார். காரணத்தை அவர் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

போர்க்கலை நம் மக்களுக்குப் புதியதன்று. இங்கிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள கயத்தாற்றில்தான் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். அவருடைய படைத்தலைவர்களுள் ஒருவரான வீரன் சுந்தரலிங்கம் கவர்னகிரியைச் சேர்ந்தவர். அதற்கு முந்திய தலைமுறையில் நெற்கட்டுஞ்செவல் பூலித்தேவரின் படையில் நின்றவர் ஒண்டிவீரன். பாளையக்காரர் போர்கள் முடிந்தபின், 1801-ஆம் ஆண்டின் இறுதியில் சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட பிரகடனம் தென்சீமை மக்கள் ஆயுதம் தாங்குவதைத் தடை செய்தது. வேலும் வாளும் போயின. கம்பு மட்டும் விளையாட்டு என்ற பெயரில் ஊர்க்களங்களில் தங்கியது. நம் மக்களுக்கு வீரம் இல்லையென்று சொன்னவர் எவருமிலர். எழுத்து இல்லாமல் ஆக்கியவர்களே உண்டு.

அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதார். படையினருக்கான பள்ளியில் தலைமையாசிரியராகவும் இருந்தவர். ஆயுதம் ஏந்தியவர் வீட்டில்தான் எழுத்தும் நுழைந்தது. 1890-களில் மகர் மக்களுக்குப் படையின் கதவு அடைக்கப்பட்டது; மகர் ரெஜிமென்ட் எனத் தனிப்படை அமைய 1941 வரை காத்திருக்க நேர்ந்தது. ஆகவே, கம்பும் கராத்தேயும் வேண்டும் என்று கூறும் நம் இளைஞர்களை முரடர்கள் என ஒதுக்க நாம் வரவில்லை. அவர்கள் கேட்பதில் நியாயம் உண்டு. தலைநிமிர்ந்து நடக்கும் உடல் ஒன்று வேண்டும் என்பதே அவர்களின் கோரிக்கை.

ஆயினும், இவ்வவையில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டாக வேண்டும். அது நம் பிழை.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின்கீழ், அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் மேல்வகுப்பு வரையுள்ள மாணவியர்க்கு மூன்று மாத காலம் தற்காப்புப் பயிற்சி அளிக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ராணி லட்சுமிபாயின் பெயரால் நடைபெறுவது அது. நான்காண்டுகளுக்கு முன் நாம் பணிபுரிந்த பள்ளிக்கும் பயிற்றுநர் ஒருவர் வந்தார். பெண் பிள்ளைகள் உற்சாகத்தோடு கற்றார்கள். குனிந்த தலை நிமிராத பிள்ளைகள் மைதானத்தில் ஓங்கிக் குரலெழுப்பியதைக் கேட்டு நம் கண்கள் பனித்தன என்றே சொல்லவேண்டும். மூன்று மாதம் முடிந்தது. பயிற்றுநர் வேறு பள்ளிக்குப் போய்விட்டார். பெற்றோரிடம் நாம் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி. காலனியிலிருந்து இரண்டு கிலோமீட்டர் நடந்து வருபவள். ஒருநாள் மாலை, பருத்திக் காட்டு வழியில், மேலத்தெருப் பையன் ஒருவன் அவளது சடையைப் பற்றி இழுத்தான். அவன் இழுத்தது அதுவே முதன்முறையன்று எனப் பின்னர் தெரிந்தது. அவள் திரும்பி, கற்றுக்கொண்டபடியே, அவன் வயிற்றில் ஒரு குத்து விட்டாள். பையன் மண்ணில் விழுந்தான். காயம் ஒன்றுமில்லை, ஆனால், கூட வந்தவர்கள் பார்த்துவிட்டார்கள்.

அன்றிரவே பத்துப் பேர் காலனிக்கு வந்தார்கள். அவள் தந்தை இரண்டு நாள் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருந்தார். வழக்கு என்று எதுவும் பதிவாகவில்லை. ஆனால் அந்த வீட்டாரைக் களையெடுப்புக்கும் மக்காச்சோளம் ஒடிப்புக்கும் இரண்டு மாதம் எவரும் கூப்பிடவில்லை. புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி வாழும் மானாவாரிப் பூமியில் அந்த இரண்டு மாதக் கூலி என்பது என்ன என்று இந்த அவைக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

மூன்றாம் நாள் அவளுடைய பாட்டி பள்ளிக்கு வந்தார். அலுவலக அறையில் நாற்காலி போட்டோம், உட்காரவில்லை. "யாரக் கேட்டு எம் பேத்திக்குக் கைநீட்டப் படிச்சுக் குடுத்தீக சார்?" என்றார். பெண் பிள்ளைகள் தைரியமாக இருக்க வேண்டாவா அம்மா என்று வழக்கமான சொற்பொழிவைத் தொடங்கினோம். அவர் நம்மை நிறுத்திவிட்டார். "அவ அடிச்சது தப்புன்னு நான் சொல்லல சார். அவனும் நாலு நாளு வாங்காமத்தான் திரிஞ்சான். இப்படிப் படிச்சுக் குடுத்திருக்கீகன்னு எங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அந்தப் பாதையில அவளத் தனியா விட்டிருக்க மாட்டோம்ல?"

அவள் செய்தது சரி. நாம் செய்ததுதான் பிழை. இதைப் புரிந்துகொள்ள நமக்குச் சில காலம் ஆயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று இளைஞர்கள் கேட்கக்கூடும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 87-ஆம் பிரிவில் ஒரு வேடிக்கையான எடுத்துக்காட்டு உண்டு. பொழுதுபோக்கிற்காக வாள்விளையாட்டு ஆட இருவர் இசைகிறார்கள். விதிப்படி ஆடும்போது ஒருவர்க்குக் காயம் ஏற்பட்டால் அது குற்றமாகாது. ஆனால் அந்த இசைவைத் தர வேண்டியவர் பதினெட்டு வயது கடந்தவராயிருக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் இசைவு இசைவே அன்று என்கிறது 90-ஆம் பிரிவு. அத்தகைய குழந்தையின் நன்மைக்காகக் காப்பாளரோ அவரது இசைவு பெற்றவரோ நல்லெண்ணத்துடன் செய்வதைப் பாதுகாக்கிறது 89-ஆம் பிரிவு. 2024 சூலை முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இவை 25, 27, 28-ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன. குற்றவியல் சட்டம் பாடத்திட்டம் வகுப்பதற்கன்று என்பதை அறிவோம். எனினும், 1860-இல் எழுதப்பட்ட ஏட்டிலேயே, குழந்தையின் உடலுக்குத் தீங்கு நேரக்கூடிய இடத்தில் காப்பாளரின் சொல்லுக்கு ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள் அன்றோ!

தேசிய மாணவர் படையை எடுத்துக்கொள்ளுங்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டப்படி மாணவர் தாமாக முன்வந்து சேர்வது அது. வயது வராத பிள்ளையானால் பெற்றோர் கையொப்பமிட வேண்டும். சீனப் போருக்குப்பின் 1963-இல் கல்லூரிகளில் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஐந்தாண்டுகளில், 1968-இல், கட்டாயத்தைக் கைவிட்டார்கள். (அதே 1968 சனவரியில்தான் அப்பயிற்சியின் இந்திக் கட்டளைச் சொற்களை ஏற்பதில்லை எனத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானித்தது. அது வேறு கதை.) அரசே உடையும் துப்பாக்கியும் கொடுத்து நடத்தும் பயிற்சிக்குப் பெற்றோரின் கையொப்பம் வேண்டுமென்றால், ஒரு படிப்பகத் திண்ணையில் ஆறு வயதுக் குழந்தைக்கு அடிமுறை கற்பிக்க அது வேண்டா என்பது எவ்வாறு பொருந்தும்?

ஆனால் இங்கே நாம் விழிப்பாக இருக்க வேண்டும். பெற்றோரின் சம்மதம் என்பதைக் கடவுள் வாக்காகக் கொள்ள நம் வட்டாரத்து வரலாறு இடந்தராது. தீப்பெட்டி ஆபீஸுக்கு விடியற்காலை பஸ்ஸில் ஏற்றிச் செல்லப்பட்ட பிள்ளைகளை இந்த அவையில் பலர் பார்த்திருப்பீர்கள். சிலர் அந்தப் பிள்ளைகளாகவே இருந்திருப்பீர்கள். கட்டை அடுக்கிய அந்தப் பிஞ்சு விரல்களுக்கு முன்பணம் வாங்கியவர்கள் யார்? பெற்ற தாய் தந்தையரே. சம்மதத்திற்கு அங்கே குறைவில்லை, வறுமை கையொப்பமிட்டது. 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்து, 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சிவகாசி வழக்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் வேலை கொடுத்தவர் 20,000 ரூபாய் கட்டவேண்டும் என்று தீர்ப்பளித்த பிறகே அந்தப் பஸ்கள் மெல்ல மெல்ல நின்றன. பெற்றோர் இசைந்தும் அது தவறாகவே இருந்தது.

மறுபுறமும் உண்டு. 2023 செப்டம்பரில், இதோ பக்கத்தில், எட்டயபுரம் வட்டம் உசிலம்பட்டியில், நம் சமூகத்துப் பெண் ஒருவர் சமைத்த காலை உணவைப் பிள்ளைகள் உண்ணலாகாது என்று பெற்றோர் சிலர் தடுத்தார்கள். ஆட்சியரும் அமைச்சரும் நாடாளுமன்ற உறுப்பினரும் நேரில் சென்று குழந்தைகளோடு அமர்ந்து உண்டார்கள். காமராசர் 1956-இல் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்த அதே எட்டயபுரத்துச் சீமையில் இது நடந்தது. அங்கே பெற்றோரின் மறுப்புக்குத் தலைவணங்கியிருந்தால் பள்ளி பள்ளியாக இருந்திராது.

அப்படியானால், சோற்றுக்கும் கணக்குக்கும் கேட்க வேண்டா, கம்புக்கு மட்டும் கேள் என்பது எந்த நியாயம்? நண்பரின் அந்த வினா நம்மைப் பல இரவுகள் உறங்கவிடவில்லை. நமக்குக் கிட்டிய விடை இது. கணக்குத் தவறினால் பிள்ளை மதிப்பெண் இழக்கிறான், அத்தோடு போயிற்று. அடி அப்படியன்று. அது பள்ளி வாயிலோடு நிற்பதில்லை. தெருவுக்குப் போகிறது, ஓடைக்கரைக்குப் போகிறது, திருவிழாவுக்குப் போகிறது. அதற்கு வரும் மறு அடியைத் தாங்குவது பெற்றவர் வீடு. 1995 ஆகஸ்ட் 31 அன்று கொடியங்குளத்தில் காவல்துறையினர் புகுந்தபோது உடைபட்டவை நம்மவர் வீட்டுப் பண்டபாத்திரங்கள். விலை கொடுப்பவர் எவரோ அவர்க்குச் சொல்லாமல் பொருளை வாங்குவது முறையன்று. எந்தப் பாதையில் எவன் நிற்பான், எந்த நேரத்தில் பிள்ளையைத் தனியே விடலாகாது என்பதெல்லாம் பாட்டிமார்க்குத் தெரியும். நமக்கோ பயிற்றுநருக்கோ தெரியாது.

இனி, பிள்ளையின் உடலைப்பற்றி. கராத்தேயைப் பள்ளிக்குள் கொண்டுவந்தவர் ஒகினாவாத் தீவைச் சேர்ந்த இதோசு அங்கோ என்னும் ஆசான். சூரி நகரத்துத் தொடக்கப் பள்ளியில் அவர் அதைக் கற்பிக்கத் தொடங்கியது 1901-இல். (கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியதும் அதே ஆண்டு என்பது நமக்கு ஒரு சிறு மகிழ்ச்சி.) அவர் பழைய கலையை அப்படியே பிள்ளைகளிடம் கொடுத்துவிடவில்லை. ஆபத்தான பிடிகளையும் உயிர்நிலைத் தாக்குதல்களையும் ஒதுக்கி, உடற்பயிற்சி போன்ற எளிய வரிசைகளைப் பிள்ளைகளுக்கெனவே அமைத்தார். எதைக் கற்பிப்பது என்பதோடு எதைக் கற்பிக்காமல் விடுவது என்பதையும் அறிந்தவரே ஆசான். எனினும் 1908-இல் அவர் கல்வித்துறைக்கு எழுதிய மடலில், இப்பயிற்சி நாளை இராணுவத்திற்கும் உதவும் என்று குறிப்பிட்டதையும் மறைக்கலாகாது. பிள்ளைகளின் உடலின்மேல் எவரெவர் கண் வைக்கிறார்கள் என்பதற்கு அது ஒரு சான்று. அதே சப்பானில் 1983 முதல் 2010 வரை பள்ளிகளில் ஜூடோப் பயிற்சியின்போது இறந்த மாணவர் நூற்றுக்கும் மேற்பட்டோர் என்ற கணக்கு வெளிவந்தபோது அந்நாடு திடுக்கிட்டது. தலையில் பட்ட அடியே பெரும்பாலும் காரணம். முறையான ஆடுகளமும் மெத்தையும் உள்ள நாட்டிலேயே அந்நிலை. நம் படிப்பகங்களில் இருப்பது சிமெண்டுத் தளமும் ஒரு பிளாஸ்டிக் பாயும்.

தென் மாவட்டத்து நிலைமையைச் சொல்லாமல் இப்பேச்சு நிறைவு பெறாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நம் பிள்ளை ஒருவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் உடன்பயின்ற மாணவரே வீடு புகுந்து வெட்டினார்கள். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் வட்டாரத்தில், தேர்வுக்குப் பேருந்தில் சென்ற பதினொன்றாம் வகுப்பு மாணவன் இறக்கி வெட்டப்பட்டு விரல்களை இழந்தான். கபடிப் போட்டியில் பெற்ற வெற்றி அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. விளையாட்டில் வென்றதற்கே விரல் போகுமென்றால், கம்பு கற்றதற்கு என்ன போகும் என்று ஒரு தாய் கேட்டால், அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு நா எழாது. பிள்ளை எதிர்த்து நிற்க வேண்டாவா என்று ஒரு தந்தை கேட்டால், அவரையும் மறுக்க நா எழாது. அரிவாளுக்கு எதிரே கராத்தே நிற்காது என்பதை மட்டும் அவரிடம் சொல்லுவோம்.

நாங்குநேரிக்குப்பின் அமைக்கப்பட்ட நீதியரசர் சந்துரு குழு 2024 சூனில் அளித்த அறிக்கை, கைகளில் சாதிக் கயிறு கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்பனவற்றோடு, எல்லாச் சமூகத்து மாணவரும் ஒருங்கே சேரும் சமூகநீதி மாணவர் படை ஒன்றையும் பரிந்துரைத்தது. எல்லாச் சமூகத்தாரும் ஒருங்கே என்பதுதான் அதில் உயிர். இங்கே தெருவுக்கு ஒரு சிலம்பக் களம் இருக்கிறது. தெருவுக்கு ஒரு களம் என்பது நாளடைவில் தெருவுக்கு ஒரு படை ஆகிவிடும். நம் சங்கமும் அவ்வரிசையில் ஒரு களத்தைக் கூட்டப்போகிறதா, அல்லது மேலத்தெருப் பிள்ளையும் வந்து நம் பிள்ளையோடு கம்பு சுற்றும் ஒரு களத்தை அமைக்கப்போகிறதா என்பதைச் செயற்குழு எண்ணிப் பார்க்க வேண்டும். பின்னது கடினம், நாமறிவோம். ஆனால் கோவில்பட்டியின் ஹாக்கி மைதானத்தில் அது ஓரளவேனும் நடந்திருக்கிறது. பந்தைக் கடத்திக் கொடுக்க வேண்டியிருக்கும்போது எந்தத் தெரு என்று கேட்க நேரமிருப்பதில்லை.

சம்மதம் தராத பெற்றோரைப்பற்றியே பேசிவந்தோம். அளவு கடந்து சம்மதிக்கும் பெற்றோரைப்பற்றியும் ஒரு சொல். "நல்லாக் கத்துக் குடுங்க சார், நம்ம தெருவுக்கு ஒரு ஆளு வேணும்" என்று ஏழு வயதுப் பையனைக் கொண்டுவந்து விட்ட தகப்பனாரை நாம் கண்டதுண்டு. அந்தச் சம்மதத்தை நாம் ஏற்கலாகாது. தெருவின் கணக்கைத் தீர்க்கப் பிள்ளையை வளர்ப்பது ஸ்பார்ட்டாவின் வழி. அங்கே ஏழு வயதில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்துப் பாசறைக்குக் கொண்டுபோனார்கள். நம் புறநானூற்றுத் தாய் ஒருத்தி, பெற்று வளர்ப்பது தன் கடன் எனவும், சான்றோனாக்குவது தந்தையின் கடன் எனவும் தொடங்கி, வேல் வடிக்கும் கொல்லன், வேந்தன் என ஒவ்வொருவர்க்கும் ஒரு கடனைப் பகிர்ந்து கொடுப்பதைப் படித்திருக்கிறோம். ஆசிரியர்க்கு அதில் ஒரு கடனும் இல்லை என்பது நமக்கு என்றும் ஒரு மனக்குறை! ஆயினும் அங்கே பேசுபவள் தாய். ஈழத்தில் போரின் இறுதிக் காலத்தில், வன்னியில், வீட்டுக்கு ஒருவர் எனப் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டபோது தாய்மார் பேச இயலவில்லை. பிள்ளைகளை ஒளித்து வைத்தார்கள். படையிலிருந்து தப்புவிக்கவே சிறு வயதில் மணம் முடித்து வைத்தார்கள். பெற்றோரைக் கேளாத பயிற்சியின் கடைக்கோடி அது. நம் படிப்பகத்தை அதனோடு ஒப்பிடவில்லை. பாதையின் மறுமுனை எங்கே போகிறது என்று காட்டினோம்.

ஆகவே, ஒத்திவைக்கப்பட்ட தீர்மானத்திற்கு நாம் கொண்டுவர விரும்பும் திருத்தங்களைச் சொல்லிவிடுகிறோம். ஆறு வயது என்பது ஆறாம் வகுப்பு என மாற்றப்பட வேண்டும். அதற்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு விழாமல் ஓடுவது, விழுந்தால் தலையில் படாமல் விழுவது, தொடக்கூடாத இடத்தில் தொட்டால் கத்துவது, 1098 என்ற எண்ணை மனப்பாடமாக வைத்திருப்பது ஆகியவற்றைக் கற்பிக்கலாம். இதற்கு எவரையும் கேட்க வேண்டா. மறுக்கும் பெற்றோர் இருப்பின் அவர் ஏன் மறுக்கிறார் என்பதை நாம்தான் விசாரிக்க வேண்டும். அடிக்கும் பயிற்சிக்கு ஒப்புதல் வேண்டும். அதுவும் அச்சிட்ட தாளில் கைநாட்டு வாங்கும் ஒப்புதலன்று. அந்த வகைத் தாளில் நம் மக்கள் நிலத்தையே இழந்திருக்கிறார்கள். பயிற்றுநர் காலனிக்கு வந்து, தாய்மார் முன்னிலையில், என்ன கற்பிக்கப்போகிறார் என்பதைச் செய்து காட்ட வேண்டும். வேலை முடிந்து வரும் நேரம் இரவு எட்டு மணியானால், கூட்டமும் எட்டு மணிக்கே. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்றும், பாதிப்பேர் பெண்களாயிருக்க வேண்டும் என்றும் வகுத்திருக்கிறது. சங்கத்தின் படிப்பகங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது. அந்த அமைப்பை நாமே ஏற்றுக்கொள்வதை எவரும் தடுக்கப்போவதில்லை. கற்க விரும்பாத பிள்ளையைப் பெற்றோர் சொன்னாலும் களத்தில் இறக்கலாகாது.

அந்தப் பாட்டியைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறோம். மறு ஆண்டு பயிற்சி தொடங்குமுன் காலனிக்குச் சென்றோம். முதலில் அவர் வீட்டுக்குத்தான் போனோம். பயிற்றுநரை முற்றத்தில் நிறுத்திச் செய்து காட்டச் சொன்னோம். வெற்றிலையை மென்றுகொண்டு முழுவதையும் பார்த்தார். பேத்தியைக் கூப்பிட்டு, போகிறாயா என்று கேட்டார். அவள் போகிறேன் என்றாள். இந்தமுறை கம்பும் கற்பிப்பதாகச் சொன்னோம். நெடுநேரம் யோசித்தார். பிறகு ஒரு நிபந்தனையோடு இசைந்தார்: "கம்பு பள்ளிக்கூடத்துலயே பூட்டி இருக்கட்டும் சார். வீட்டுக்குக் குடுத்து விட்டுறாதீக." அந்த நிபந்தனையையும் தீர்மானத்தில் ஒரு வரியாகச் சேர்க்கும்படி செயலாளர் அவர்களைக் கேட்டுக்கொண்டு அமர்கிறோம்.